பின்வலது சக்கரம்

சபீனோவின் பழைய சின்க்வெசென்டோவில் கழற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. மலைப்பந்தயத்தில் அந்தக் குட்டிக் கார் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்று பின்சீட்டு, கதவு அட்டை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்தான். அவனே ஈஸ்டர் வரை பாஸ்தாவைத் தொடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டாளி தொனாத்தோ தராசுகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். இடப்பக்கம் ஓட்டுபவனின் இருக்கையில் சபீனோவின் எடைக்கு மணல்மூட்டை ஏற்றினார்கள். பின்வலது சக்கரம் மட்டும் பதினெட்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. தராசை மாற்றிப் போட்டார்கள். அதே பதினெட்டு.

"போன வருசம் பதினாறுதானே இருந்துச்சு?" என்றான் தொனாத்தோ. "குளிர்காலம் பூரா ஷெட்டுல பூட்டிக் கிடந்த வண்டி எதைத் தின்னு பெருத்துச்சு? நீ தின்னாத பாஸ்தாவையா?"

சபீனோ சிரிக்கவில்லை. உடைசல் கடையில் காரை வாங்கும்போது பின்சீட்டின் வலப்பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. அவன்தான் தட்டி நிமிர்த்தினான். யார் வண்டி, பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கவில்லை. அங்கே யாரும் கேட்பதில்லை.

மறு ஞாயிறு தொனாத்தோ வந்தபோது, சபீனோ பின்சீட்டைத் திரும்ப மாட்டி முடித்திருந்தான்.

"பந்தய வண்டிக்குப் பின்சீட்டு எதுக்குடா? தோத்துத்தான் போவ."

"தோத்தாப் போகுது. வெறும் தகரத்துல புள்ள இன்னும் எத்தனை வருசம் உக்காந்திருக்கும்?"

தொனாத்தோ கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்சீட்டு மெத்தையின் வலப்பக்கம் மெல்லக் குழிந்தது.