வலைக்குச் சொந்தக்காரர்கள்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணிக்கு, கோவளம் கரையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கிழக்கே, ஜெர்சனின் தூண்டிலில் பன்னிரண்டு கிலோ வஞ்சிரம் ஒன்று சிக்கியது.

ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் தூண்டில் போடுகிறவன் அவன். மூன்று கிலோவைத் தாண்டி எதையும் பிடித்ததில்லை. நேற்றிலிருந்து இது ஐந்தாவது பெரிய மீன்.

"போட்டோ எடுத்து குரூப்ல போட்டா ஒவ்வொருத்தனும் வயிறெரிஞ்சு செத்துடுவான், மச்சான்," என்றான் ஜோஷ்வா, படகுக்குள் படுத்தபடியே. சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

ஜோஷ்வா, ஜெர்சனின் தங்கை ஜோசலினின் கணவன். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபைபர் படகின் எஞ்சின் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நின்றது. போன்களில் முதலில் சிக்னல் போனது, பிறகு சார்ஜ். மேற்கிலிருந்து அடித்த காற்று படகைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. இருந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் நேற்று மாலையே தீர்ந்துவிட்டது.

யாரும் தேடி வரப்போவதில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியான ஜோசலின் கடலுக்குப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தாள். சபையின் உபவாசக் கூடுகைக்கு ஏலகிரி போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தாம்பரத்திலிருந்து கிளம்பினார்கள். அங்கே போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள் என்பது அவளுக்கும் தெரியும். திங்கள் மாலை வரை அவள் நிம்மதியாக இருப்பாள்.

"பொய் சொன்னோம்ல, நெஜமாவே உபவாசம் இருக்க வெச்சுட்டாரு ஆண்டவர்," என்றான் ஜோஷ்வா.

ஜெர்சன் வஞ்சிரத்தின் வயிற்றைக் கிழித்தான். பச்சை மீனில் தண்ணீர் இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு துண்டை மென்று ஜோஷ்வாவின் வாயிலும் ஒன்றை வைத்தான். இருவருமே வாந்தி எடுத்தார்கள்.

"தாகத்துக்கு ஒரு சொட்டு குடுக்கல, மீனா குடுக்குது இந்தக் கடலு!" ஜெர்சன் கத்திக்கொண்டே மீனைத் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் எறிந்தான். கை தானாக ஒரு துண்டை முள்ளில் குத்தி மறுபடி தூண்டிலை வீசியது.

இந்தத் தடவை தூண்டில் நரம்பு விறைத்து நின்றது. இழுத்தால் மீன் வரவில்லை, படகுதான் அந்தப் பக்கம் நகர்ந்தது. நுனியில் ஒரு மஞ்சள் கேன் மிதந்தது. அதில் பாசி அப்பி, சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. கேனுக்கு அடியில் வலை தொங்கியது.

"ஜோஷ்வா, வலைடா! வலைன்னா எடுக்க ஆள் வருவாங்கடா!"

"முள்ள எடு மச்சான். வலைய கிழிச்சா குப்பத்துல தோல உரிச்சுடுவாங்க."

"உரிக்கட்டும். உரிக்கறதுக்காவது ஒருத்தன் வரணும்ல."

படகின் கயிற்றை வலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். படகு நின்றது. ஒரு நாள் கழித்து முதல் தடவையாக அவர்கள் கரையை விட்டு மேலும் விலகாமல் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒன்று ஆயிற்று. நேற்றுப் பிடித்த மீன்கள் வெயிலில் நாறத் தொடங்கின. ஜெர்சன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் போட்டான். படகைச் சுற்றித் தண்ணீரில் மீன் எண்ணெய் படர்ந்தது. எங்கிருந்தோ கடற்காகங்கள் வந்தன. முதலில் நாலைந்து, அப்புறம் கணக்கில்லாமல். கத்திக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தன.

ஜோஷ்வா பேச்சை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கன்னத்தில் தட்டினால் கண்ணை மட்டும் திறந்தான்.

ஒரு பறவை அவன் தலைக்கு மேலேயே தாழ்ந்து வந்தது. ஜெர்சன் துடுப்பை எடுத்துச் சுழற்றினான். "போங்கடா! நாங்க இன்னும் சாகலடா!" கை ஓயும்வரை விரட்டினான். அவை விலகி, திரும்பி வந்தன.

"மச்சான்... ஜோசலின் கிட்ட..."

"நீயே சொல்லுவ. வலைக்காரன் வருவான். வாய மூடிக்கினு படு."

இரண்டே காலுக்கு எஞ்சின் சத்தம் கேட்டது.

வந்த மீன்பிடிப் படகில் நான்கு பேர் இருந்தார்கள். பக்கத்தில் அணைத்ததும் ஒருவர் தாவி வந்து ஜோஷ்வாவின் தலையை மடியில் வைத்து, துணியை நனைத்து வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தார். ஜோஷ்வாவின் தொண்டை அசைந்தது. பிறகு அவன் துணியையே கடித்து இழுத்தான். "மெதுவா நைனா, மெதுவா. தண்ணி நெறைய கீது."

ஜெர்சன் சுக்கான் பிடித்திருந்த பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினான். மற்றவர்கள் அவரைச் சிட்டிபாபு அண்ணா என்று கூப்பிட்டார்கள்.

"உங்க வலைய கிழிச்சுட்டேன்ணா. வேணும்னுதான் கட்டினேன். எடுக்க வருவீங்கன்னு நம்பிதான் உயிரோட இருந்தோம். இன்னா வேணாலும் பண்ணுங்க."

"எங்க வலையா?" சிட்டிபாபு குனிந்து மஞ்சள் கேனைப் புரட்டிப் பார்த்தார். கயிற்றை அறுத்துவிட்டு நிமிர்ந்தார். "பாறையில மாட்டி அறுந்த வலை சார் இது. மூணு வருசமா இங்கதான் கெடக்குது. இத எடுக்க ஒருத்தனும் வர மாட்டான்."

ஜெர்சனுக்குப் புரியவில்லை. துடுப்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அப்ப நீங்க எப்படிண்ணா இந்தப் பக்கம் வந்தீங்க?"

சிட்டிபாபு வானத்தைக் காட்டினார்.

"காக்கா கும்பலா சுத்திக்கினு இருந்துச்சு சார், மீனு கீதுன்னு வந்தோம்."