மணி அடிக்காத பெட்டி

மின்கருவிகள் வைக்கும் ஆளுயரப் பெட்டிகளுக்குள் வெளிச் சிக்னல் நுழையாதபடி செம்பு வலை ஒட்டுவதுதான் வைஜயந்திக்கும் அவள் கணவன் தனபாலுக்கும் தொழில். ஒட்டி முடித்ததும் உள்ளே ஒரு போனை வைத்துச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மணி அடித்தால் எங்கோ இடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று கதவோரத்து வலையை அழுத்திக்கொண்டிருந்தவள் வெளியே வரச் சோம்பல்பட்டு, "போன் எங்கிட்டயே இருக்கு, சாத்திட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

கதவு மூடியது. மணி அடிக்கவில்லை. தலைவலிக்கென்று இருவரும் காதுக்குப் பின்னால் பதித்திருந்த மின்வில்லைகளில் அவளுடையதும் சிக்னல் கிடைக்காமல் முதல்முறையாக அடங்கியது.

மிச்ச வலையைக் காலில் சுற்றிக்கொண்டு, கொலுசு என்று குதித்த ஒரு குழந்தை ஞாபகத்துக்கு வந்தாள். மகிழினி. பெற்ற மகள். காய்ச்சலில் இந்த மடியிலேயே அவள் உடம்பு சில்லிட்டுப்போனது. தலைவலிக்கு இல்லை, அவளை மறப்பதற்குத்தான் இருவருக்கும் அந்த வில்லை.

"என்னங்க, நம்ம பாப்பா..."

"எந்தப் பாப்பா?" வெளியே தனபால் சிரித்தான். "மணி அடிக்கல இல்ல? வேலை சுத்தம். வெளிய வா."

அவன் கைப்பிடியைத் திருகினான். வைஜயந்தி இரண்டு கைகளாலும் கதவை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.