கல்வெட்டுக்கு வந்த பயம்

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த தலைநகரத் தெரு ஒன்றில், மேயராக இருந்தபோது மாசிலாமணி ஒரு குழாய் போட்டார். பக்கத்திலேயே அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் நின்றது. பல ஆண்டுகள் கழித்து ஒரு தேர்தல் அறிவித்ததும், தலைவர்களின் பெயர்களை மறைக்க மாநகராட்சி ஊழியர் பசையும் காகிதமுமாக வந்தார்.

கல்வெட்டு குழாயிடம் புலம்பியது. "அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு, தம்பி. பேர் மிச்சமிருக்கிறது என்கிட்ட மட்டும்தான். இதையும் மூடிட்டா ஊரே மறந்துடும்."

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட வந்து நின்னது நாய் மட்டும்தாண்ணே," என்றது குழாய்.

காகிதம் கல்வெட்டை முழுசாக மூடியது. ஊழியர் குழாயைத் திறந்து கை கழுவும்போது கைபேசி ஒலித்தது.

"ஒட்டிட்டேன் சார். ஒரு எழுத்து வெளியே தெரியாது," என்றார் அவர். "எங்க இருக்கேனா? மாசிலாமணி குழாய்கிட்டதான் சார்."