சகலையின் புல்

"சகலை, உங்க மைதானத்துல கோல் கம்பத்துக்கு முன்னாடி புல்லு எப்படி இருக்கு?"

போனில் பெரிய சகலை. சின்ன சகலை புல் வெட்டும் வண்டியை அணைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"புல்லு புல்லு மாதிரிதான் இருக்கு."

"அட, கோவிச்சுக்காம சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கா? வேர் நல்லா பிடிச்சிருக்கா?"

"என் புல்லுக்கு என்ன? பேர்த்தா பாய் மாதிரி சுருட்டலாம். ஏன் கேக்கறீங்க?"

"போன்ல வேணாம். நாளைக்குக் காலையில நாலு பேரோட வர்றேன். அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. ஒரு புல்லுகூட அசங்கக் கூடாது."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன அதிகாரம் பாருங்கள்!

அக்காவைப் பெரியவரும் தங்கையைச் சின்னவரும் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே வேலை, மைதானப் பராமரிப்பு. ஆனால் பெரியவருக்கு வாய்த்தது நடு ஊரில் பளபளக்கும் புது ஸ்டேடியம். சின்னவருக்கு ஊர்க்கோடியில் இருந்த பழைய ஸ்டேடியம்.

பத்து நாட்டு அணிகள் மோதும் மண்டலக் கால்பந்துக் கோப்பை அந்த வருடம் அந்த ஊரில்தான் நடந்தது. ஆட்டமெல்லாம் அங்கே. இங்கே வெறும் பயிற்சி. வீரர்கள் வருவார்கள், குனிந்து நிமிர்வார்கள், தண்ணீரைக் குடித்துப் பாதியைத் துப்பிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

தன் புல்லில் ஒரே ஒரு பெரிய ஆட்டம் நடந்துவிடாதா என்று சின்னவருக்கு வெகுநாள் ஏக்கம். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அது அக்கா காதுக்குப் போகும். அக்கா சிரிப்பாள்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது மனைவி முகம் வாடியிருந்தது.

"அத்தான் பாவங்க. மழையில அரை இறுதி ஆடினாங்களே, கோல் பக்கமெல்லாம் சேறாயிடுச்சாம். ஒரு புல்லு மிச்சமில்லையாம். ஃபைனலை வச்சுக்கிட்டு அக்கா ஒரே அழுகை."

சின்னவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பாதிச் சோற்றில் கை நின்றது.

"ஓஹோ! அதான் காலையில குழைஞ்சு குழைஞ்சு விசாரிச்சானா?"

"யாரு?"

"உன் அத்தான்தான். நாளைக்கு நாலு ஆளோட வர்றானாம். என் புல்லைப் பேர்த்து எடுத்துட்டுப் போய் அங்க ஒட்டப் போறான். நானும் மடையன் மாதிரி, பாயா சுருட்டலாம்னு வழி வேற சொல்லிக் கொடுத்துட்டேன்!"

"அவன் இவன்னு பேசாதீங்க. கேட்டா கொடுங்களேன். புல்லுதானே, திரும்ப முளைக்காதா?"

"புல்லுதானேவா? வெயில்ல காஞ்சு வளர்த்தவன் நான். ஃபைனல் அவனுக்கு, டிவியில பல்லைக் காட்டறது அவன், 'எங்க வீட்டுக்காரர் போட்ட புல்லு'ன்னு ஊரெல்லாம் பீத்திக்கறது உங்க அக்கா. நான் இங்க மொட்டைத் தரையில உக்காந்து கை தட்டணுமா?"

"உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுது. என் வயிறு, எரிஞ்சுட்டுப் போகுது."

சாயங்காலம் வேலையாட்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார். கொட்டகையில் இருந்து மண்ணைக் கிளறும் டில்லரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, வடக்குப் பக்கக் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார். கொடுக்க மாட்டேன் என்றால் சொந்தத்தில் சண்டை வரும். கொடுக்க ஒன்றுமே இல்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? புது விதை போடுவதற்காகக் கிளறிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குனிந்து ஒருமுறை புல்லைத் தடவிப் பார்த்தார். பிள்ளைத் தலையைத் தடவுவது போல இருந்தது. பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது பார்த்து, கோப்பை தொடங்கிய அன்று டிவியில் வந்த பெரியவரின் சிரித்த முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இருட்டுவதற்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. வேரும் மண்ணுமாகப் புரண்டு கிடந்த தரையைப் பார்க்கையில் கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

காலையில் சொன்னபடியே பெரியவர் வந்துவிட்டார். மண்வெட்டி இல்லை, லாரி இல்லை. ஒரு பெரிய காரிலிருந்து கோட்டு போட்ட நாலு பேர் இறங்கினார்கள். நாலு பேர் மார்பிலும் கோப்பையின் சின்னம். சின்னவர் பூட்டிய கேட்டின் முன்னால் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தோடு நின்றார்.

"சகலை, நான் புது விதை போடலாம்னு…"

பெரியவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருப்பேன் சகலை. ஆசை காட்டிட்டு நடக்காம போயிட்டா உங்க மனசு தாங்காதுன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். என் புல்லு போச்சு. ஃபைனலை வேற ஊருக்குக் கொண்டு போறோம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. என் சகலை வளர்க்கிற புல்லுக்கு முன்னால என்னோடதெல்லாம் வெறும் களைதான்னு சண்டை போட்டு, ஃபைனலை உங்களுக்கே வாங்கிட்டேன்! கேட்டைத் திறங்க, இவங்க அந்தக் கோல் பக்கத்துப் புல்லை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க."