எதிர் நாற்காலி

"துரோகி!" என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கார்த்திகேசு கையை நீட்டினான். அந்தோனிப்பிள்ளை சிரித்தபடி குலுக்கினான். ஆட்டத்துக்கு முன் கை கொடுக்காதவனுக்கு நாற்காலி கிடையாது என்பது ஜெய்னுதீன் கடைச் சட்டம்.

பிரிக்பீல்ட்ஸில் மாடியேறிப் போனால் அந்தச் சைபர் கஃபே. அங்கே துப்பாக்கி கேமில் மூன்று வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே அணியாகச் சுட்டவர்கள் இவர்கள். போன மாசம் அந்தோனி சொல்லாமல் கொள்ளாமல் சுபாங் ஜெயா அணிக்குத் தாவிவிட்டான். அதையும் யாரோ சொல்லித்தான் கார்த்திகேசுவுக்குத் தெரியும். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு இறுதி ஆட்டம். ஒருத்தனுக்கு ஒருத்தன், இருபது சுற்று. கோப்பை யாருக்கு வேண்டும்? அந்தோனி இத்தனை பேர் முன்னால் தோற்றுத் தலைகுனிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

"கார்த்தியப் பாத்துக் கத்துக்குங்க லா," என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார் ஜெய்னுதீன். "ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பத்து மௌஸையும் தொடச்சு வச்சிருக்கான்!"

அது அவன் பழைய வழக்கம். மௌஸுக்குள் உருளும் ரப்பர் பந்தில் கொஞ்சம் அழுக்கோ முடியோ சேர்ந்தாலும் குறி தப்பிவிடும். ஒரே அணியில் இருந்தபோது அந்தோனியின் மௌஸையும் அவன்தான் கழற்றித் துடைப்பான். அந்த நன்றிகூட இல்லாதவன்!

அந்தோனி எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எதிர்வரிசையில் கார்த்திகேசு.

ஆட்டம் ஆரம்பமானது. கழுத்தளவில் குறியை நிறுத்தி, பொறுமையாக இருந்து, ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கிறவன் அந்தோனி. இன்றைக்கு அவன் சுட்டதெல்லாம் சுவரிலும் கூரையிலும் போய் விழுந்தது.

"என்னாடா, சுபாங் ஜெயா போனதும் கண்ணு தெரியலையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கடையே சிரித்தது.

அந்தோனி மௌஸை ஒரு தரம் தூக்கிப் புரட்டிப் பார்த்தான். மறுபடி கீழே வைத்துவிட்டு ஆடினான்.

கூடப் பழகினவன் கழுத்தை அறுத்தவனுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும் என்று கார்த்திகேசு நினைத்துக்கொண்டான். ஒரு மாசமாக நெஞ்சில் எரிந்தது கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. பத்துச் சுற்று முடிந்தபோது எட்டுக்கு இரண்டு.

"ஓகே, பாதி முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க," என்றார் ஜெய்னுதீன்.

கார்த்திகேசு திடுக்கிட்டான். "என்னாண்ணே இது? முன்னாடி சொல்லவே இல்லையே!"

"போன தடவ கம்ப்யூட்டர் ஸ்லோன்னு சண்ட போட்டீங்கல்ல? இன்னைலேருந்து புது ரூல். எழுந்திரு லா."

கார்த்திகேசு நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஜெயிக்கிறவன் ஏன்டா பயப்படுற?" என்று மறுபடி பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்தோனி எழுந்து நின்று கையைத் தூக்கினான். "மாற வேணாம் அண்ணே. எனக்கு இந்த எடமே போதும்."

"தோத்துக்கிட்டு இருக்கிற நீயே வேணாங்கிற. சரி, ஒன் இஷ்டம்," என்று ஜெய்னுதீன் கையை விரித்தார்.

அந்தோனி எதிர்வரிசைக்கு நடந்து வந்து, இரண்டாம் பாதிக்காகக் கை கொடுத்தான். கார்த்திகேசுவின் கையை விடாமல் பிடித்தபடி அவன் காதருகே குனிந்தான்.

"மச்சான், நீ சுத்தி வச்ச முடி இன்னும் உள்ளதான் இருக்கு."