ஒரு கன்னம் முடிவதற்குள்

“பிரதமரை ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணுங்க. நடுவுல எம்.பி.ங்க எதுக்கு?” இருபது வருடப் பழக்கம் தந்த தைரியத்தில் கேட்டார் முடிதிருத்துபவர்.

நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரை தெறிக்கச் சிரித்தார். “அடப் போய்யா! நேரடியா போட்டா அஞ்சு வருஷம் அசைக்க முடியாது. எம்.பி.ங்க தேர்ந்தெடுத்தா, சரியில்லாத ஆளை நீ ஒரு கன்னம் வழிச்சு முடிக்கிறதுக்குள்ள தூக்கிடலாம். அதுதான்யா அழகு!”

“ஜனங்க நம்புன ஆளை நாலு பேர் கூடித் தூக்குறதா?” முடிதிருத்துபவர் விட்டுக்கொடுக்கவில்லை. கத்தி இடது கன்னத்தில் விறுவிறுவென்று இறங்கியது.

நாற்காலியில் இருந்தவரின் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “ஐயா! நம்ம எம்.பி.ங்க அவசரமாக் கூடி வேற பிரதமரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. நீங்க இப்போ... முன்னாள்.”

கண்ணாடியில் ஒரு கன்னம் மட்டும் பளபளத்தது.

“ஏன்யா,” என்றார் முன்னாள் பிரதமர், “அந்த நேரடி ஓட்டு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு.”