எருமைக்கு ஆகாத பேண்டு

"எழுபத்திரண்டு மணி நேரம் டைம் தர்றேனுங்க. அதுக்குள்ள அந்தக் கொட்டுச் சத்தம் நிக்கோணும். இல்லீன்னா நேரா கலெக்டர்கிட்டத்தான்!"

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்திருந்தார் பிரின்சிபல் பாகீரதி. எதிரே கல்லூரி மேனேஜர் துரைசுவாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கதவோரம் பேண்டு மாஸ்டர் மௌனிகா நின்றிருந்தாள்.

"நீங்க யாரு, என்ன கஷ்டம்னு நிதானமாச் சொல்லுங்கோ," என்றார் பாகீரதி.

"ரத்தினசாமிங்க. உங்க சைக்கிள் ஷெட்டுக்கு அடுத்த தோட்டம். காத்தால உங்க புள்ளைங்க டம்மு டம்முன்னு ஆரம்பிச்சா என்ற எருமை காலைத் தூக்கி உதைக்குது. ஒரு வாரமா ஒரு சொட்டுப் பால் எறக்கலீங்க. நீங்க வந்து கறந்து குடுப்பீங்களா?"

போன் கட்டானது.

"பேண்டையே நிறுத்திடுங்கோ மேடம்," என்றார் துரைசுவாமி. "கலெக்டர், கேஸுன்னு அலைய என்னால ஆகாது."

மௌனிகா கஞ்சிக்கோட்டில் ஒரு பள்ளியில் ஒன்பது வருஷம் பேண்டு நடத்தியவள். பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் இந்தக் கல்லூரிக்கு வந்தாள். பயிற்சிக்குக் கிடைத்தது தகரக்கூரை போட்ட சைக்கிள் ஷெட். மழை வந்தால் டிரம் சத்தம் அடிப்பவனுக்கே கேட்காது. சாரலில் யூபோனியம் என்கிற பெரிய ஊதுகுழலுக்குள் தண்ணீர் நிற்கும். ஆடிட்டோரியத்தைக் கேட்டுக் கேட்டு மூன்று வருஷமாக நாக்கு வறண்டதுதான் மிச்சம். முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டுமே திறக்கிற அதன் சாவி துரைசுவாமியின் பெல்ட்டை விட்டு இறங்கியதே இல்லை. இப்போது போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பேண்டே இல்லை என்றால்?

"நிறுத்த முடியாது சார்," என்றார் பாகீரதி. "அடுத்த மாசம் ஆய்வுக் குழு வரது. வாசல்ல பேண்டு வாசிச்சு வரவேற்போம்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கேள்?"

"அப்போ என்ன பண்றது?"

"நேர்ல போய்ப் பேசலாம். மூணு பேரும்."

"நான் எதுக்குங்க மேடம்?" என்றாள் மௌனிகா அவசரமாக. "எனக்கு பிராக்டீஸ் இருக்குதுங்க."

"கொட்டு உன்னோடது. எருமைகிட்ட மன்னிப்பு யார் கேக்கறது, நானா?"

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டபடி தோட்டத்து வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். மௌனிகாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதானுங்களா பேண்டு மாஸ்டரு? பார்த்தா சாதுவாட்டம் இருக்குது. ஊரையே எழுப்பிப் போடுதே!"

மௌனிகா தரையைப் பார்த்தாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஆணி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சதுரமாக ஓரிடம் மட்டும் அழுக்குப் படாமல் பளிச்சென்று இருந்தது. பாகீரதி அதைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு முதுகு காட்டியிருந்த நாற்காலியில் துரைசுவாமியை உட்காரச் சொன்னார்.

துரைசுவாமி செருமினார். "முதல்ல அந்த எருமையைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

ரத்தினசாமி ஒரு விநாடி விழித்தார். "அதுங்களா? பயந்துபோய் மச்சினன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

"தனியாவா?"

"நாந்தானுங்க கூட்டிட்டுப் போய் உட்டேன்."

மௌனிகாவின் காது நுனி சிவந்தது.

"வாயில்லா ஜீவன், பாவம். நாலு நாள் இடம் மாறினாத்தான் மனசு தேறும்," என்று பாகீரதி முந்திக்கொண்டார். "அதை விடுங்கோ. உங்களுக்கு இப்போ என்ன பண்ணித் தரணும்?"

"பேண்டை நிறுத்துன்னு நான் சொல்லலீங்க. படிக்கற புள்ளைங்க, வாசிக்கட்டும். கதவு சன்னலை அடைச்சு உள்ளார வெச்சு வாசிக்கட்டும். சத்தம் வெளிய வராத ஒரு ஹாலுகூடவா இல்ல, அத்தாம் பெரிய காலேஜுல?"

பாகீரதி துரைசுவாமியைப் பார்த்தார். துரைசுவாமி கூரையைப் பார்த்தார்.

"ஆடிட்டோரியம் இருக்கு," என்றார் கடைசியில், பல் பிடுங்கக் கொடுப்பவர் போல. "ஆனா அங்க கம்பளம் புதுசு."

"அப்பச் சரிங்க. கலெக்டர்கிட்ட கம்பளத்தையும் சேர்த்துச் சொல்லிப்போடறேன்."

சாவி பெல்ட்டிலிருந்து மெல்லக் கழன்றது. அதைப் பாகீரதியின் கையில் வைத்துவிட்டு, "ஷூவை வெளியில கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், கேட்டயா?" என்று மௌனிகாவை அதட்டினார் துரைசுவாமி. ரத்தினசாமி நீட்டிய மோரை வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, எருமை திரும்பி வந்துவிடுமோ என்பது போல விறுவிறுவென்று காருக்கு நடந்தார்.

பாகீரதி வாசற்படியில் நின்று சாவியை மௌனிகாவின் உள்ளங்கையில் அழுத்தினார்.

"ரொம்ப நன்றிங்க மேடம்," என்றாள் மௌனிகா. குரல் பாதிதான் வந்தது. "நல்ல வேளை, அந்தப் பெரியவர் ஒத்துக்கிட்டாருங்க."

"ஆமாமா. ரொம்பக் கறார்தான்." பாகீரதி காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் கல்யாணத்துல எனக்கு ரெண்டாந்தடவை பாயசம் விளம்பினப்பவும் வேண்டாம்னா கேக்கவே இல்லை, உன் மாமனார். கூடத்து ஆணியில அந்தக் கல்யாணப் படத்தைத் திரும்ப மாட்டிக்கச் சொல்லு; அப்படியே பிசிக்ஸ் லேப் கூரை ஒழுகற சத்தத்துக்கும் எருமை தூங்கலைன்னு அடுத்த வாரம் ஒரு போன் போடச் சொல்லு."